ஏழாவது ஃபைல்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் நடந்தது.

என் அக்கா பொய்யே பேசாதவள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வயதில் இரண்டைக் குறைப்பாள். புதுத் துணியைப் பழசு என்று சாதிப்பாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை இதுவரை என்னிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறாள். நான்கு முறையும் அதே நேரங்கள். 2:12... 2:22... 2:43... 3:12. ஒரு நிமிடம்கூட முன்பின் ஆகவில்லை. அது போதாதென்று, மறுநாள் காலையில் அந்தத் தரையை நானே என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, அமாவாசை என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியில் வேலை. ரேடியோ, மிக்ஸி, லிஃப்ட் என்று எதைத் திறந்தாலும் உள்ளே பச்சையாக ஓர் அட்டை இருக்குமே, அதுதான். அதன்மேல் மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும். எங்கோ உட்கார்ந்து ஒருவர் அதை கம்ப்யூட்டரில் வரைந்து கெர்பர் ஃபைல்களாக அனுப்புவார். மேல்பக்கச் செம்புக்கு ஒரு ஃபைல், கீழ்ப்பக்கத்துக்கு ஒன்று, துளைகளுக்கு ஒன்று, அட்டையின் ஓரத்துக்கு ஒன்று. இப்படி ஓர் அட்டைக்கு ஐந்தாறு வரும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்தி, மெஷினுக்கு அனுப்புவது அக்காவின் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். ஒரு கோடு மயிரிழை தள்ளிப் போனாலும் ஐந்நூறு அட்டை குப்பைக்குப் போய்விடும்.

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சில சமயம் ஒரு கோடு ஓரிடத்தில் ஆரம்பித்து, எதிலும் போய்ச் சேராமல் பாதியில் நின்றுவிடும். வரைந்தவர் போட்டுப் பார்த்துவிட்டு அழிக்க மறந்த கோடு. அக்காவின் ரூமில் அதற்குப் பேர் 'தொங்கல்'. தொங்கலைக் கண்டால் அழித்துவிடவேண்டும். முறைப்படி, அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். யாரும் கேட்பதில்லை. எங்கேயும் போய்ச் சேராத கோட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒரு கிளிக், ஒரு டெலீட், ஒரு சேவ். அக்கா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது அழிப்பாள். "தலையில பேன் எடுக்கற மாதிரிடா. கை பாட்டுக்கு எடுக்கும்" என்பாள்.

மாமாவுக்கும் அதே கம்பெனிதான். அக்காவின் வீட்டுக்காரர். அவர் பிளேட்டிங் ஹாலில். செம்பு முலாம் பூசுகிற இடம். வரிசையாகத் தொட்டிகள், அவற்றில் நீலமாகத் திரவம், நடுவே ஓர் அமிலத் தொட்டி. மாமா வீட்டுக்கு வந்தால் சட்டையில் எப்போதும் ஒரு நீலத் துளியாவது இருக்கும். அக்கா அதற்கு ஒரு பாட்டம் திட்டுவாள். அவர் சிரிப்பார். அவ்வளவுதான் அவர்கள் குடும்பம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. ஆனால் ஓர் அவசர ஆர்டர். திங்கள் காலை ஏழு மணிக்கு மெஷின் ஓடியாகவேண்டும். அதற்குள் அக்கா ஃபைலைச் சரிபார்த்துத் தரவேண்டும்.

"அவ்ளோ பெரிய கட்டடத்துல நான் மட்டும் தனியா உக்காந்திருக்கணுமா? நீங்களும் வாங்க."

"ஆறு நாள் அந்த வாடைய மூக்குல ஏத்தறேன். ஏழாவது நாளும் ஏத்தணுமா?"

"எனக்காக வரமாட்டீங்களா?"

வந்தார். ஆனால் சும்மா வரவில்லை. வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே பைக் ஓட்டினார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இறங்கியபோது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மணி 1:40. கேட்டில் வாட்ச்மேன் மட்டும். உள்ளே ஈ காக்கா இல்லை.

கட்டடம் ஒரே தளம்தான், ஆனால் நீளம். முன்பக்கம் அக்காவின் ரூம். அதை ஒட்டி நீண்ட நடை. நடையின் முடிவில், அட்டைகளுக்குத் துளை போடுகிற டிரில்லிங் ஹால். அதையும் தாண்டி, கடைக்கோடியில் பிளேட்டிங் ஹால். அதற்கு ஒரு பின்கதவு உண்டு. விடுமுறை என்பதால் வெளியே பூட்டுப் போட்டிருந்தார்கள்.

மாமா தன் போனை எடுத்து அக்காவின் மேஜையில் வைத்தார். அமிலம் இருக்கிற இடத்துக்குப் போனைக் கொண்டுபோகமாட்டார்.

"சும்மா உக்காந்தா தூக்கம் வரும். போய் சட்டங்கள கழுவி வைக்கறேன். முடிஞ்சதும் கூப்பிடு."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டங்கள் என்று அவர் சொன்னது, போர்டுகளை மாட்டித் தொட்டியில் இறக்குகிற கம்பிச் சட்டங்களை. அவற்றிலும் செம்பு படிந்துவிடும். அமிலத் தொட்டியில் முக்கினால் கரையும். கரையும்போது புகை வரும். அந்தப் புகையை இழுத்து வெளியே தள்ள மேலே பெரிய ஃபேன் ஓடும். எப்போதும் ஓடும்.

அக்காவின் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. டியூப்லைட், ஏசி, இரண்டு கம்ப்யூட்டர். கதவைச் சாத்தினால் வெளியே பகலா இரவா என்றே தெரியாது.

மணி 2:05. ஃபைல்களைத் திறந்தாள். ஆறு ஃபைல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு இருந்தன.

ஏழாவதற்குப் பேர் இல்லை. பேர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. சரி, யாரோ குப்பையைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, மற்ற ஆறையும் முதலில் பார்க்க ஆரம்பித்தாள்.

2:12. எங்கோ தூரத்தில்... டணார்!

இரும்பு வாளி உருண்ட சத்தம். அக்கா மணியைப் பார்த்தாள். அதனால்தான் நேரம் தெரியும். 'கோபத்த வாளி மேல காட்டறாராக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். காட்டட்டும் என்று வேலையைப் பார்த்தாள்.

2:20. ஏழாவது ஃபைலைத் திறந்தாள்.

திரையில் ஓர் அட்டையின் ஓரக்கோடு வந்தது. விநோதமான வடிவம். நீளமாக, ஒடுக்கமாக, ஒரு பக்கம் மட்டும் சின்னதாகத் துருத்திக்கொண்டு. உள்ளே சில கட்டங்கள். ஒரு கோடியில் வரிசையாக எட்டு நீளக் கட்டங்கள். மூன்றாவது கட்டத்தின் அருகில் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, கொஞ்ச தூரம் வந்து... நின்றிருந்தது. எதிலும் சேரவில்லை.

தொங்கல்.

கை பாட்டுக்குப் போனது. கிளிக். டெலீட். சேவ். மணி 2:22.

மறுபடி மற்ற ஃபைல்களுக்குப் போனாள். துளைகளின் அளவைச் சரிபார்த்தாள். கோடுகளுக்கு நடுவே இடைவெளியை அளந்தாள். அந்த நேரத்தில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். அப்போது அதைச் சத்தமாகவே அவள் நினைக்கவில்லை. டிரில்லிங் ஹால் பக்கமிருந்து... சரக்... சரக்... என்று. மூட்டையைத் தரையில் இழுத்தால் வருமே, அப்படி. கொஞ்சம் இழுக்கும். நிற்கும். மறுபடி இழுக்கும்.

மாமா எதையோ நகர்த்துகிறார். கூப்பிட்டால் உதவப் போகலாம். கூப்பிடவில்லை. நாமும் கேட்கவேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

2:42. எல்லா ஃபைலையும் சேர்த்துக் கடைசிச் சோதனை ஓட்டினாள். கம்ப்யூட்டரே தேடித் தப்புகளைப் பட்டியல் போடும். ஒரே ஒரு தப்பு காட்டியது.

ஏழாவது ஃபைல். ஒரு தொங்கல்.

அழித்தோமே?

திறந்தாள். அதே வட்டம். அதே இடத்திலிருந்து அதே கோடு. ஆனால் இந்த முறை நீளம் அதிகம். எட்டுக் கட்டங்களையும் தாண்டி, ஓர் இடைவெளி வழியாக நுழைந்து, அடுத்த பெரிய கட்டத்தின் நடுவில் வந்து நின்றிருந்தது.

சரியாகச் சேவ் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இந்த மாதிரி ஒரு புரோகிராமை வைத்துக்கொண்டு காலம் தள்ளவேண்டியிருக்கிறதே என்று திட்டினாள். கிளிக். டெலீட். சேவ். 2:43.

சரக்... சரக்... சத்தம் நின்றது.

அவள் டெலீட்டை அழுத்திய அதே நொடியில் நின்றது.

அக்கா தலையைத் தூக்கினாள். ஏசியின் உறுமல் மட்டும். ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, புத்திக்கு இன்னும் எட்டவில்லை. அந்த ஃபைலை மூடாமல் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டம் மட்டும் இருந்தது. கோடு இல்லை.

2:51. ஒன்றுமில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்ததாம்.

2:54. திரையை ஒருமுறை புதுப்பித்தாள்.

கோடு இருந்தது.

வட்டத்திலிருந்து ஒரு விரல்கடை. புதுப்பித்தாள். இரண்டு விரல்கடை. அவள் மவுஸில் கைகூட வைக்கவில்லை. வெறும் கீபோர்டில் ஒரே ஒரு பட்டன். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கோடு கொஞ்சம் வளர்ந்திருந்தது. நேராக இல்லை. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம்... தள்ளாடித் தள்ளாடி.

எட்டுக் கட்டங்களைத் தாண்டியது. இடைவெளியில் நுழைந்தது.

2:58. ஓரக்கோட்டில் துருத்திக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கட்டத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அக்காவுக்குத் தோன்றியது. எங்கே? தலையைத் திருப்பினாள். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடவேண்டும் என்று காட்டுகிற படம். நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்?

எழுந்து போய்ப் பார்த்தாள்.

நீளமாக, ஒடுக்கமாக ஒரு கட்டடம். ஒரு பக்கம் துருத்திக்கொண்டு கழிப்பறை. கடைக்கோடியில் வரிசையாக எட்டுத் தொட்டிகள்.



அது அட்டை இல்லை. இந்தக் கட்டடம். கோடு பிளேட்டிங் ஹாலில் கிளம்பி, டிரில்லிங் ஹாலைக் கடந்துகொண்டிருந்தது. அடுத்தது நடை. நடையின் முடிவில்... இந்த ரூம்.

ஏதோ வருகிறது.

மாமாவைக் கூப்பிட்டாள். அவர் போன் அவள் மேஜையிலேயே அடித்தது. பதறிப்போய் பிளேட்டிங் ஹாலின் இன்டர்காமுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"எடுங்களேன்... ப்ளீஸ்... எடுங்க..."

எடுக்கவில்லை.

3:02. கேட்டுக்கு அடித்தாள். வாட்ச்மேன் எடுத்தார்.

"அண்ணே, உள்ள யாரோ இருக்காங்க."

"யாரும் வரலியே மேடம். நீங்க ரெண்டு பேருதான."

"இல்லண்ணே, நடக்கற... இழுக்கற சத்தம்... எனக்குப் பயமா இருக்கு."

"நீங்க கதவத் தாழ் போட்டுக்குங்க. நான் கட்டடத்த ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். திருட்டுப் பயலா இருந்தா பின்பக்கமாத்தான் வந்திருப்பான்."

3:04. அக்கா கதவைத் தாழ் போட்டாள். மேல்தாழ். கீழ்த்தாழ். போதாதென்று ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தாள்.

திரையில் கோடு நடைக்கு வந்துவிட்டது.

புதுப்பித்தாள். நடையில் கால் பங்கு.

புதுப்பித்தாள். அதே இடம். நின்றுவிட்டதா?

புதுப்பித்தாள். பாதி.

இப்போது சத்தமும் கேட்டது. சரக்... நிற்கும். சரக்... நிற்கும். நடுநடுவே வேறு ஏதோ ஒன்று. மூச்சு மாதிரி. ஈரமான, கிழிந்த மூச்சு.

3:09. முக்கால்.

அக்கா கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

3:11. கோடு கதவில் முட்டியது.

சத்தம் நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று...

பர்ர்ர்...க்.

கதவைச் சுரண்டியது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இல்லை. கீழே. முழங்காலுக்கும் கீழே. தரையோடு தரையாக.

"யாரு?"



பர்ர்ர்...க்.

"யாருன்னு கேக்கறேன்ல!"

உஸ்ஸ்... என்று ஒரு காற்று. கதவின் அடியில் இருந்த சந்து வழியாக.

பர்ர்ர்...க். பர்ர்ர்...

அக்கா மேஜைக்கு ஓடினாள். நாற்காலி கிரீச்சிட்டது. கிளிக்.

டெலீட்.

சேவ்.

3:12.

சுரண்டல் பாதியிலேயே அறுந்தது.

அமைதி.

ஏசி.

அமைதி.

அக்கா அப்படியே நின்றாள்.  திரையில் கோடு இல்லை. வட்டம் மட்டும்.

போய்விட்டது என்று நினைத்தாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். அதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

3:13. புதுப்பித்தாள். வட்டத்திலிருந்து ஒரு சின்ன முளை. எள்ளளவு.

புதுப்பித்தாள். அதே எள்ளளவு.

புதுப்பித்தாள்.

வளரவில்லை.

அப்போதுதான் அவள் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அதுவரை கோட்டின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் வந்துவிட்டது, எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று. எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கவே இல்லை.

மூன்றாவது தொட்டி. அமிலத் தொட்டி. சட்டங்களைக் கழுவுகிற இடம்.

அந்தக் கட்டடத்தில் இருந்தது இரண்டே பேர்.

"ஐயோ..."

அன்டூ. அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஓடுவதற்கு முன்னால், கத்துவதற்கு முன்னால், கை கீபோர்டுக்குப் போயிருக்கிறது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவருகிற பட்டன். அழுத்தினாள். திரும்ப அழுத்தினாள். பத்து முறை அழுத்தினாள்.

சேவ் செய்தபிறகு அன்டூ கிடையாது. நான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

நாற்காலியைத் தள்ளினாள். தாழ்களைத் திறந்தாள். கீழ்த்தாழ் வரவே இல்லை. ஒருவழியாகக் கதவு திறந்தது.

நடையில் யாரும் இல்லை.

கதவின் அடிப்பக்கத்தில் ஈரமாக, நீலமாக... ஐந்து விரல் கீறல்கள்.

தரையில் நீலத் தடம். கைகள், முழங்கால்கள், வயிறு தேய்ந்த தடம். கதவிலிருந்து நடை முழுக்க, டிரில்லிங் ஹால் முழுக்க. அக்கா அதன் மேலேயே ஓடினாள். பிளேட்டிங் ஹாலில் ஒரே மண்நிறப் புகை. மேலே ஃபேன் ஓடவில்லை. நீலத் திரவம் இருந்த வாளி கவிழ்ந்து கிடந்தது.

மூன்றாவது தொட்டிக்குப் பக்கத்தில் மாமா குப்புறக் கிடந்தார். சட்டை முழுக்க நீலம். ஒரு கை மட்டும் முன்னால் நீட்டியிருந்தது. எள்ளளவு.

கட்டடத்தைச் சுற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து வந்த வாட்ச்மேனும் அக்காவும் சேர்ந்துதான் அவரை வெளியே தூக்கிப் போட்டார்கள். மூச்சு இருந்தது. ஆனால் அதை மூச்சு என்று சொல்ல முடியாது என்றார் வாட்ச்மேன்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். நுரையீரல் வெந்துபோயிருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் காற்றுக்கு வந்திருந்தால் இவ்வளவு மோசமாகி இருக்காது என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். எதற்காக உட்கார்ந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திங்கள் காலை மாமாவின் பைக்கை எடுத்துவர நான் கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை உள்ளே கூட்டிப்போனார். யாரிடமாவது காட்டவேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது.

"தம்பி, இத கொஞ்சம் பாரு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சான்னு சொல்லு."

ஈரம் காய்ந்து தரையில் நீலப் பொடியாகப் படிந்திருந்தது. தெளிவாகத் தெரிந்தது. தடம் ஒன்று இல்லை. மூன்று. மூன்றும் அந்த மூன்றாவது தொட்டியின் பக்கத்தில், ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. ஒன்று, நாலெட்டு தூரம். இன்னொன்று டிரில்லிங் ஹாலின் நடு வரை. மற்றொன்று அக்காவின் கதவு வரை.

மூன்றும் போன தடங்கள். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். டிரில்லிங் ஹாலில் அந்தத் தடம் முடிகிற இடத்தில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. பாதி உள்ளங்கை. நான்கு விரல்களும் பாதிக் கையும் இருந்தன. மீதி இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது. தேய்க்கவில்லை, துடைக்கவில்லை. அதற்கு அப்புறம் வெறும் தரை, சுத்தமாக.

"யாராச்சும் தூக்கிட்டுப் போயி திரும்ப அங்க போட்டிருப்பாங்களோ?" என்று கேட்டேன்.

"தூக்கினவன் கால்தடம் எங்க?" என்றார் வாட்ச்மேன்.

நடை முழுக்கத் தேடினேன், அக்கா ஓடிய கால்தடம் மட்டும்தான் இருந்தது. 

கம்பெனியில் ஃபேன் மோட்டார் எரிந்துபோனதாக எழுதிக்கொண்டார்கள். மாமா மயக்கத்தில் சுற்றிச் சுற்றி ஊர்ந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். அக்காவின் கம்ப்யூட்டரைப் பார்த்த ஆள், வந்தது ஆறு ஃபைல்தான் என்றார். அனுப்பியவர்களும் ஆறுதான் என்றார்கள். ஆனால் அந்தப் புரோகிராம் யார் எப்போது என்ன செய்தாலும் குறித்து வைக்குமாம். அதில் மூன்று வரி இருந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். டெலீட், 2:22. டெலீட், 2:43. டெலீட், 3:12. எந்த ஃபைலில் என்ற இடம் காலி.

ஒன்பதாம் நாள் மாமாவின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் குரல் உமி மாதிரி இருந்தது.

"உன் ரூம் வரைக்கும் வந்தேன்."

அக்கா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கத்த முடியல. தொண்ட எரிஞ்சுது. அதான் சுரண்டினேன். உள்ள நீ நாற்காலிய நகர்த்தற சத்தம்கூட கேட்டுச்சு. அப்பாடா, வந்துட்டா, தொறந்துருவான்னு நினைச்சேன்..."

மூச்சு வாங்கியது. காத்திருந்தோம்.

"அப்ப யாரோ என் சட்டைக் காலரப் பிடிச்சாங்க. பின்னாலேருந்து. கண்ண மூடித் தொறக்கறேன்... மறுபடி தொட்டிப் பக்கத்துல கெடக்கறேன். மூணு தடவ. மூணு தடவையும் ஆரம்பிச்ச எடத்துக்கே கொண்டுபோயி வெச்சிட்டாங்க. மூணாவது தடவைக்கு அப்புறம் என்னால ஆகல. விட்டுட்டேன்."

"யாரு மாமா? மூஞ்சியப் பாத்தீங்களா?" நான்தான் கேட்டேன்.

"மூஞ்சி தெரியல. கழுத்துல பட்ட கை மட்டுந்தான் ஞாபகம் இருக்கு." இன்னொரு கையால் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பேய் கை சில்லுன்னு இருக்கும்பாங்க, இல்ல? இது அப்படி இல்லடா. சின்னக் கை. பொம்பளக் கை. நல்லா... சூடா இருந்துச்சு."

அக்கா, அவர் கையைப் பிடித்திருந்த தன் கையை மெதுவாக எடுத்து, மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.